மகளுக்கு, புரொஜெக்டர் விஷயமாக

சுங்கை சிப்புட், மலேசியா
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். நேற்று போனில் உனக்கு வேலை அவசரம், எங்களுக்கு இங்கே தகரத்தில் மழைச் சத்தம். அதனால் சொல்ல வந்ததை முழுதாகச் சொல்ல முடியவில்லை. ஷோப்பி ஆன்லைன் கடையில் புதுப் புரொஜெக்டருக்கு ஆர்டர் போடப் போகிறேன் என்றாயே, கொஞ்சம் பொறு கண்ணு. பழசுக்கு என்ன கோளாறு என்று பிரித்துப் பார்த்துவிட்டேன்.

படம் ஓடும்போதே பட்டென்று அணைந்துபோவது பல்ப் கோளாறு இல்லை. அணையும் சமயம் எந்தச் சின்ன விளக்கு மின்னுகிறது என்று உட்கார்ந்து கவனித்தேன். 'லேம்ப்' விளக்கு சும்மா இருந்தது, 'டெம்ப்' விளக்குதான் சிவப்பாக மின்னியது. அதாவது, உள்ளே சூடு ஏறியதும் மெஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே நின்றுவிடுகிறது. பக்கத்து மூடியைத் திறந்து ஃபில்டரை உருவினால், கம்பளித் துணி கணக்காகத் தூசு. சாமி மேடை சாம்பிராணியும் கொசுவர்த்திப் புகையும் அதில் ஏறிக் கறுத்திருந்தது. மூலையில் ஒரு பல்லி முட்டை ஓடு வேறு. பெயின்ட் பிரஷ்ஷால் எல்லாவற்றையும் தட்டி எடுத்தேன். விசிறி சுழலாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொண்டு இறக்கைகளைத் துடைத்தேன். சனிக்கிழமை ராத்திரி படம் முழுசும் ஓடியது, ஒரு தடவைகூட நிற்கவில்லை.

நடுவில் இன்னொன்று நடந்தது. எதிர்வீட்டுப் பையன் ரிமோட்டில் எதையோ அமுக்க, எழுத்தெல்லாம் இடவலம் மாறிவிட்டது. பிள்ளைகள் மெஷின் போய்விட்டது என்று பயந்துவிட்டார்கள். மெனுவில் 'ரியர்' என்று ஒன்று உண்டு, திரைக்குப் பின்னாலிருந்து படம் காட்டுவதற்கு. அதை 'ஃப்ரன்ட்' என்று மாற்றினால் சரி. ஆனால் நான் உடனே மாற்றாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் இருந்த எஸ்டேட் தோட்டத்துக்கு, படம் காட்டும் தகவல் இலாகா வண்டி வரும் காலத்தில், திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். முன்னால் இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்னால் பாய் விரித்துவிடுவார்கள். உன் பாட்டி என்றைக்கும் பின்பக்கம்தான். அங்கே காற்று வரும், படம் முடிந்ததும் கூட்டத்தில் மாட்டாமல் லயத்துக்குத் திரும்பலாம். அங்கிருந்து பார்த்தால் படத்தில் எல்லாரும் இடது கையால் சாப்பிடுவார்கள். ரொம்ப நாள் வரைக்கும் சினிமாக்காரர்கள் வழக்கமே அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

அந்தத் தோட்டத்துச் சனமெல்லாம் இப்போது ஆளுக்கொரு தாமான் குடியிருப்பில். நம் வீட்டு முன்வாசலில் சனிக்கிழமை படம் போட்டால்தான் நாலு குடும்பம் சேர்ந்து உட்காருகிறது. அதனால்தான் இந்த விஷயத்தில் இவ்வளவு யோசிக்கிறேன்.

இனி முக்கியமான பேச்சு. திரையின் வலது பக்கம் மஞ்சளாக ஒரு கறை பரவியிருக்கிறது. அதைத் துடைத்து எடுக்க முடியாது. நம்முடையது எல்சிடி மெஷின். உள்ளே வெளிச்சம் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரிந்து, படத்தை உருவாக்கும் தனித்தனி எல்சிடி தகடு வழியாகப் போய், கடைசியில் ஒன்றாகச் சேர்கிறது. நீல வெளிச்சத்துக்கு வீரியம் அதிகம், அதனால் அந்தப் பாதையில் வெளிச்சத்தை வடிகட்டும் போலரைசர் தகடுதான் முதலில் கருகும். நீலம் குறைகிற இடத்தில் மஞ்சள் தெரியும். அந்தப் பாகத்தை மாற்றுகிற செலவுக்கு வேறு மெஷினே வாங்கிவிடலாம்.

படம் மங்கலாக இருப்பது பல்ப்பால்தான். அதன் ஆயுள் 4000 மணி நேரம், மெனுவில் 3400 தாண்டிவிட்டது. ஈப்போ கடையில் அசல் பல்ப்புக்கு நானூறு வெள்ளிக்கு மேல் சொல்கிறார்கள். கருகிக்கொண்டிருக்கும் மெஷினுக்கு அந்தக் காசைப் போட எனக்கு மனசில்லை. வெளிச்சத்தைக் குறைத்து ஓட்டும் 'ஈக்கோ'வில் வைத்து, 4000 மணி நேரம் ஆகும் வரை ஓட்டிவிட்டு நிறுத்திவிடுவோம். அதற்குமேல் விட்டால் அது பாதரசப் பல்ப், வெடித்தால் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் ஆபத்து. சாயங்காலம் இடி இடித்தால் நான் படமே போடுவதில்லை. கரண்ட் போனால் விசிறியும் நின்றுவிடும், கொதிக்கிற பல்ப் ஆற வழியில்லை.

ஆக, புதுசு வேண்டும்தான். ஆனால் நீ படம் அனுப்பினாயே, இருநூறு வெள்ளிக்கு '10,000 லூமன்ஸ்' என்று, அது வேண்டவே வேண்டாம். லூமன்ஸ் என்பது வெளிச்ச அளவு, ஆனால் வெறும் லூமன்ஸ் என்று எதை வேண்டுமானாலும் எழுதலாம். ஆன்சி லூமன்ஸ் என்று போட்டிருக்கிறதா பார். அது திரையில் ஒன்பது இடத்தில் வெளிச்சத்தை அளந்து கணக்குப் போடுவது. '1080பி சப்போர்ட்' என்பதையும் நம்பாதே. 1080பி என்கிற துல்லியமான படத்தின் சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்றுதான் அர்த்தம், மெஷினின் சொந்தப் புள்ளிகள் 800க்கு 480ஆகவே இருக்கலாம். 'நேட்டிவ்' எவ்வளவு என்று கேள். நம் முன்வாசலில் தெருவிளக்கு வெளிச்சம் விழுகிறது, மங்கல் மெஷின் அங்கே எடுபடாது.

என் ஆசை, பல்ப்புக்குப் பதில் லேசர் வெளிச்சத்தில் ஓடும் மெஷின். அதன் ஆயுள் 20,000 மணி நேரம் என்று சொல்கிறார்கள். தினம் நாலு மணி நேரம் ஓட்டினாலும் பதின்மூன்று வருஷம் தாண்டும், பல்ப் மாற்றும் தொல்லையும் இல்லை. விலை கூடத்தான். பாதி நான் போடுகிறேன், மறுக்காதே. உன் வாடகையும் சாப்பாட்டுச் செலவும் சிங்கப்பூரில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

தீபாவளிக்கு வரும்போது ரெண்டு நாள் முன்னாடியே வா. ஈப்போவுக்குச் சேர்ந்து போவோம். கடையில் லைட்டை அணைக்கச் சொல்லி ஒரு தடவை, போடச் சொல்லி ஒரு தடவை ஓட்டிப் பார்த்து, விசிறிச் சத்தத்தையும் பக்கத்தில் நின்று கேட்ட பிறகு காசு கொடுப்போம். அதுவரை எதுவும் ஆர்டர் போடாதே.

அன்புடன்,
அப்பா