அனகாபுத்தூருக்குத் தனிக் கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னைப் புறநகர்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் அனகாபுத்தூரின் மக்கள்தொகை 48,050 என்று போட்டிருந்தீர்கள். எண் சரி. ஆனால் அது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண்; இன்று இல்லாத ஒரு நகராட்சியின் கணக்கு. அப்போது இந்த ஊர் காஞ்சிபுரம் மாவட்டம். 2019இல் செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் போனது. 2021 நவம்பரில் பல்லாவரம், பம்மல், செம்பாக்கம் நகராட்சிகளோடு சேர்ந்து தாம்பரம் மாநகராட்சிக்குள் கரைந்தது.

கரைந்ததில் குறையில்லை. கவலை வேறு. 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாக வைத்து எடுக்கப்படும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாம்பரத்துக்கு ஒரு மொத்த எண்ணும், 70 வார்டுகளுக்குத் தனித்தனி எண்ணும் கிடைக்கலாம். அனகாபுத்தூர் என்ற பெயரில் எதுவும் வராமலே போகலாம். ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட மாநகராட்சியில் அதனால் என்ன என்று கேட்பவர்கள் ஆற்றைப் பார்க்க வேண்டும்.

பல்லாவரம், பம்மல் பக்கத்து மேட்டிலிருந்து எங்கள் ஊர் நிலம் சரிவாக இறங்கி அடையாற்றில் முடிகிறது. மழைக்காலத்தில் இங்கே எல்லோரும் பார்ப்பது செம்பரம்பாக்கம் ஏரியின் மட்டத்தை: முழு மட்டமான 24 அடியில் எத்தனை, வினாடிக்கு எத்தனை கன அடி திறந்தார்கள். அது பாதிக் கதைதான். ஆதனூர், மணிமங்கலம், மண்ணிவாக்கம், முடிச்சூர் வழியாக வரும் அடையாற்றின் மேல்பகுதித் தண்ணீரும் இருக்கிறது. அங்குள்ள ஏரிகள் நிரம்பினால் வழிந்து வரும். அதுவும் செம்பரம்பாக்கத்தின் உபரிநீரும் திருநீர்மலை அருகே ஒன்றாகின்றன. அதற்கு அடுத்த ஊர் அனகாபுத்தூர். முடிச்சூருக்கு ஒரு தண்ணீர் என்றால் எங்களுக்கு இரண்டு. 2015 டிசம்பர் முதல் தேதி இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்தபோது மேல்பகுதி ஏற்கெனவே நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. கீழே சற்றுத் தொலைவில் விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதை ஆற்றின் மேலேயே பாலம் போட்டு நிற்கிறது. அதைத் தாண்டித்தான் தண்ணீர் போயாக வேண்டும்.

கரை உடைந்தால்தான் வெள்ளம் என்பதும் தவறு. ஆற்று மட்டம் மழைநீர் வடிகாலின் வாயைவிட உயர்ந்ததும், வடிகால் எதிர்த்திசையில் ஓடத் தொடங்கும். கரையிலிருந்து நாலு தெரு தள்ளிய வீட்டின் வாசலில் தண்ணீர் பொங்குவது இப்படித்தான். வடிகாலின் வாயில் ஒருவழிக் கதவு பொருத்தினாலும் குப்பை சிக்கினால் மூடாது. மூடினாலும் உள்ளே பெய்த மழையை இறைக்க பம்பு வேண்டும். இரண்டையும் சேர்த்துத் திட்டமிடாமல் கரையை மட்டும் உயர்த்துவது வீண்செலவு என்பது என் கருத்து.

இது நெசவாளர் ஊரும்கூட. மெட்ராஸ் கட்டம் போட்ட துணி ஒரு காலத்தில் இங்கிருந்து நைஜீரியா வரை போனது. இப்போது வாழைநார் சேலைக்குப் பெயர் இருக்கிறது. தண்ணீர் வீட்டுக்குள் வந்தால் குழித்தறிக்காரர் வீட்டில் முதலில் நிரம்புவது மிதிக்கட்டை இருக்கும் குழிதான். பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய நூல், நனைந்தால் கஞ்சி போய், நூல் ஒட்டி, அந்தப் பாவே பாழ். ஓர் அடி தண்ணீர் மாடி வீட்டுக்காரருக்குத் தொல்லை, தறிக்காரருக்கு மாத வருமானமே போய்விடும். நிவாரணப் பட்டியலில் இந்த வித்தியாசம் தெரிய வேண்டுமானால், தெருவாரியாகக் கணக்கு இருக்க வேண்டும்.

கணக்கெடுப்புக்காக வீட்டுப் பட்டியல் எடுப்பவர்கள் தரை, சுவர், கூரை எதனால் ஆனவை என்று கேட்கிறார்கள். குடும்பம் எந்தத் தளத்தில் இருக்கிறது, வாசல்படி தெருவைவிட எவ்வளவு உயரம் என்று கேட்பதில்லை. ஆற்றோர ஊருக்கு இந்த இரண்டும்தான் முக்கியம். கணக்கெடுப்புப் படிவத்தை மாற்றச் சொல்லவில்லை. மாநகராட்சியின் சொத்துவரிப் பதிவேட்டில் இரண்டு கட்டம் கூடுதலாகச் சேர்த்தால் போதும்.

தண்ணீர்க் கணக்கும் இதே கதைதான். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற அளவில் 48,050 பேருக்கு ஏறத்தாழ 65 லட்சம் லிட்டர். அதில் 80 விழுக்காடு, அதாவது சுமார் 52 லட்சம் லிட்டர், கழிவுநீராகத் திரும்பும். இன்று இருப்பவர்கள் 70,000 என்று வைத்துக்கொண்டால் தேவை 94.5 லட்சம், கழிவு 75 லட்சத்துக்கு மேல். பழைய எண்ணை வைத்துக் குழாய் போட்டால் மிச்சம் எங்கே போகும்? ஆற்றுக்குத்தான்.

2025 மே மாதம் ஆற்றோர வீடுகள் இடிக்கப்பட்டு, அங்கிருந்தவர்கள் கீரப்பாக்கம், பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் இனி அங்கேதான் எண்ணப்படுவார்கள். அதனால் அனகாபுத்தூரில் ஒரு பக்கம் எண்ணிக்கை குறையும், மறுபக்கம் அடுக்குமாடிகளில் கூடும். மொத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டுமே தெரியாது.

தனிக் கணக்கு எடுப்பது கடினமல்ல. ஒரு கணக்கெடுப்பாளருக்கு ஒதுக்கும் பகுதியான கணக்கெடுப்புத் தொகுதி ஒன்றில் 650 முதல் 800 பேர்தான். 2011 எண்ணுக்கே சுமார் 70 தொகுதிகள். பழைய நகராட்சி எல்லைக்குள் வரும் தொகுதிகளைக் கூட்டி ஒரு வரியும், 2015இல் தண்ணீர் நின்ற தெருக்களின் தொகுதிகளைக் கூட்டி இன்னொரு வரியும் வெளியிடுமாறு மாநகராட்சி இப்போதே கணக்கெடுப்பு இயக்ககத்திடம் கேட்க வேண்டும். தொகுதி எல்லை வரைந்து முடிந்த பிறகு கேட்டால், ஆற்றோரத் தெருவும் மேட்டுத் தெருவும் ஒரே தொகுதிக்குள் போயிருக்கும். பிறகு பிரிக்க முடியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அனகாபுத்தூர், சென்னை – 600 070