விண்கல் வேறு, சிறுகோள் வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

'பூமியை நோக்கிப் பாயும் ராட்சத விண்கல்' என்ற தலைப்பு நாளிதழ்களில் அடிக்கடி வருகிறது. முதலில் சொல்லைச் சரிசெய்ய வேண்டும். சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கும் பாறை சிறுகோள். காற்றில் எரிந்து கீற்றாகத் தெரிவது எரிநட்சத்திரம். எரிந்தது போக மிஞ்சித் தரையில் கிடப்பதுதான் விண்கல். 1988-இல் காவலூர் வானாய்வகத்தில் கண்டுபிடித்து ராமானுஜன் பெயரைச் சூட்டிய 4130-ஆம் எண் சிறுகோளை யாரும் விண்கல் என்று எழுதுவதில்லை. பூமிப்பக்கம் வந்தால் மட்டும் பெயர் மாறுவானேன்?

அடுத்து, 'அபாயகரமான' என்ற அடைமொழி. அது வெறும் வகைப்பாடு. சுற்றுப்பாதை பூமியின் பாதைக்கு 75 லட்சம் கி.மீ.க்குள் வந்து, குறுக்களவும் சுமார் 140 மீட்டருக்குக் குறையாமல் இருந்தால் அந்தப் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். 75 லட்சம் கி.மீ. என்பது நிலவின் தொலைவைப் போல் ஏறத்தாழ இருபது மடங்கு. செய்தியில் பக்கத்திலேயே 'நிலவு 3,84,000 கி.மீ.' என்று ஒரு வரி போட்டால் பாதி பீதி அடங்கும்.

அளவிலும் கவனம் தேவை. தொலைநோக்கியில் தெரிவது ஒரு புள்ளி; அதன் வெளிச்சத்தை வைத்தே பருமனைக் கணிக்கிறார்கள். கரிபோல் இருண்ட பெரிய பாறையும் வெளிறிய சிறிய பாறையும் ஒரே வெளிச்சம் காட்டும். அதனால்தான் '140 முதல் 310 மீட்டர்' என்பதுபோல் சொல்கிறார்கள். தலைப்புக்குப் போவதோ எப்போதும் பெரிய எண்தான்!

அதிகம் குழப்புவது மோதல் வாய்ப்பு. '2024 ஒய்ஆர்4' என்ற சிறுகோள் 2032 டிசம்பர் 22-இல் பூமியில் மோதும் வாய்ப்பு, 2025 ஜனவரிக் கடைசியில் 1 சதவீதத்தைத் தாண்டி, பிப்ரவரி 18-இல் 3.1 ஆனது. ஒரே வாரத்தில் ஏறக்குறைய பூஜ்யம். விஞ்ஞானிகள் மாற்றி மாற்றிப் பேசுவதாகக் கேலி எழுந்தது. நடந்தது இதுதான்: சில வார நோக்கல்களை வைத்துக் கணக்கிட்டால், மோதல் நாளில் சிறுகோள் இருக்கக்கூடிய இடம் மிக நீண்ட பட்டையாக விரியும். நோக்கல்கள் சேரச் சேரப் பட்டை சுருங்கும், பூமி சுருங்காது. எனவே பட்டைக்குள் இருக்கும்வரை பூமியின் பங்கு கூடிக்கொண்டே போகும். பட்டையின் விளிம்பு பூமியைத் தாண்டி உள்ளே ஒதுங்கியதும் வாய்ப்பு சரியும். அபோபிஸ் என்ற சிறுகோள் விஷயத்திலும், 2004 டிசம்பரில் 2.7 சதவீதம் வரை போன 2029 மோதல் வாய்ப்பு, அவ்வாண்டு மார்ச்சில் எடுத்த பழைய படங்களில் அது சிக்கியதும் நீங்கியது. 2029 ஏப்ரல் 13-இல் அது தரையிலிருந்து சுமார் 32,000 கி.மீ. உயரத்தில், பூமியின் ஒரே இடத்துக்கு மேல் நிற்பதுபோல் சுற்றும் புவிநிலைச் செயற்கைக்கோள்களுக்கும் கீழே, மோதாமல் கடந்துபோகும்.

முன்கூட்டித் தெரியாமல் வருவதும் உண்டு. 2013 பிப்ரவரி 15-இல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் மேல் வெடித்த சுமார் 20 மீட்டர் பாறை சூரியன் இருந்த திசையிலிருந்து வந்ததால் எந்தத் தொலைநோக்கியிலும் சிக்கவில்லை. காயமடைந்த சுமார் 1,500 பேரில் பெரும்பாலோரைக் கிழித்தது சன்னல் கண்ணாடி. ஒளியைக் கண்டு சன்னலருகே ஓடினார்கள். அதிர்வலை ஓரிரு நிமிடம் கழித்தே வந்தது. வானில் கண் கூசும் ஒளி தெரிந்தால் கண்ணாடியை விட்டு விலகுங்கள் என்ற வரியைத்தான் இச்செய்திகளில் காணோம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், வாணியம்பாடி