நூலகத்தில் பென்சில் தந்த ஐயாவுக்கு

சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்து நாலே மாதம். ஒடியலுக்குப் பனங்கிழங்கு உரிக்கும் கருவியொன்றைச் செய்த அண்ணை ஒருவர், அதை வேறு யாரும் செய்து விற்காமல் காக்கும் ஆக்கவுரிமை எடுத்துத் தரச்சொல்லி வந்தார். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தோடு யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் மூன்று பின்னேரம் இருந்தேன். கருவி புதிதாக இருக்கவேண்டும், துறை தெரிந்தவருக்கு எளிதில் தோன்றாததாக இருக்கவேண்டும், கைத்தொழிலில் பயன்படவேண்டும். எல்லாம் மனப்பாடம். உரிமைக்கோரலை, அதாவது கருவியில் எதற்கு உரிமை கேட்கிறோம் என்று எல்லை போடும் வசனத்தை, எழுதத்தான் கை ஓடவில்லை.

பக்கத்து மேசையில் இருந்த நீங்கள், ஐயா, கேளாமலே எழும்பி வந்தீர்கள். என் நீண்ட வசனத்தைப் பென்சிலால் துண்டு துண்டாகப் பிரித்தீர்கள்: கைபிடி, அலகு, வில்.

"பிள்ளை, ஒவ்வொரு சொல்லும் ஒரு கதியால். ஒண்டைக் கூட நட்டாலும் வேலி உள்ளுக்குத் தள்ளும்."

'மரக் கைபிடி' என்றதில் 'மர' என்பதை வெட்டினீர்கள். "இரும்பில செய்யிறவன் தப்பியிடுவான்." அலகின் வளைவை மட்டும் தொடவிடவில்லை. அதையும் எடுத்தால் பழைய கத்தியெல்லாம் வேலிக்குள் வந்து, புதுமையே போய்விடும் என்றீர்கள். அந்த அரை மணித்தியாலத்தில்தான் எனக்கு இந்தச் சட்டம் பிடிபட்டது.

பெயர் கேட்கமுதல் சைக்கிளை எடுத்துப் போய்விட்டீர்கள். மிக்க நன்றி ஐயா. விண்ணப்பம் போன கிழமை கொழும்புக்குப் போய்விட்டது. உங்கள் பென்சில் என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமைகளில் அதே மேசையில் இருப்பேன்.