சுற்றுவேலித் திருப்பணி: அங்கத்தவர்களுக்கு நிறைவு அறிக்கை

அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கட்டாக்காலி மாடுகளும் நம் திருகோணமலைப் புள்ளிமான்களும் கோயில் நந்தவனத்தில் ஒரு துளிரையும் விட்டுவைப்பதில்லை என்பதால் பொதுக்கூட்டம் தீர்மானித்த வேலி, ஆடி பிறக்குமுன் முடிந்தது. 62 சீமெந்துத் தூண்கள், ஐந்து வரி முள்ளுக்கம்பி. மூன்று நாள் சிரமதானம் என்று அறிவித்திருந்தோம். ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் போயின. நிலத்தைத் தோண்டிப் பார்க்காமலே நாள் சொன்னது சபையின் பிழை.

கணக்கு இலேசானதுதான்: 7 அடித் தூண், 2 அடி மண்ணுக்குள், தூணுக்குத் தூண் 8 அடி. மேற்கு வீதியில் முதல் அலவாங்குக் (கடப்பாரை) குத்திலேயே கணக்கு கலைந்தது. வைகாசிக் கச்சான் காற்றில் காய்ந்த கிறவல் மண். குத்தினால் பொறி பறந்தது, குழி விழவில்லை. அப்புறம்தான் சனி மாலையே குழிக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றி ஊறவிடும் வழிக்கு வந்தோம். காலையில் அலவாங்கால் இளக்கி, ஒருவர் குப்புறப் படுத்து பால்மாப் பேணியால் மண்ணை அள்ளினார். மண்வெட்டியால் அள்ளப் போனால் குழியின் வாய்தான் அகலும், தூண் ஆடும்.

நான்கு இடங்களில் 14 அங்குலத்திலேயே பாறை. நெருப்பு மூட்டிச் சுட்டுத் தண்ணீர் ஊற்றினால் வெடிக்கும் என்றார் ஒரு பெரியவர். உண்மைதான்; ஆனால் அந்தக் காற்றில், கிடுகுக் கொட்டகைக்குப் பக்கத்தில் யார் நெருப்பு வைப்பது? உளியாலும் சம்மட்டியாலும் பாறையில் பள்ளம் கொத்தி, கொங்கிறீட் இட்டு, சாய்வாக முட்டுத்தூணும் கொடுத்திருக்கிறோம். அந்த நான்கிலும் தயவுசெய்து யாரும் சாயவோ, சைக்கிளைச் சாத்தவோ வேண்டாம்.

கிழக்குப் பக்கம் வெறும் கடல் மணல். தோண்டத் தோண்டச் சரிந்தது. அடி வெட்டிய பெயின்ற் வாளிகளை இறக்கி, உள்ளே அள்ளி, தூணை நிறுத்தித் தூக்குக்குண்டு பிடித்தோம். பிறகு கல்லும் கிறவலும் அரை அடி அரை அடியாகப் போட்டு, அலவாங்கின் மொட்டை முனையால் இடித்து, வாளியை மெல்ல மேலே இழுத்தோம். மூலைத் தூண்களுக்கு மட்டும் 3 அடி ஆழம், சீமெந்து, ஆற்று மணல், கல் 1:3:6 கலவை. மணல் காலடியிலேயே கிடக்க ஆற்று மணலுக்கு ஏன் செலவு என்று கேட்டவர்களுக்கு: கடல் மணலின் உப்பு தூணுக்குள் இருக்கும் கம்பியைத் தின்றுவிடும்.

வாங்கிய தூண்களில் ஐந்துக்குக் கம்பித் துளையே இல்லை. மாற்றித் தர மறுத்துவிட்டார்கள். கட்டுக்கம்பி சுற்றிச் சமாளித்தோம். மான் நினைத்தால் இந்த வேலியைத் தாண்டும். கீழ் வரிகளை நெருக்கி இழுத்ததால் நுழைந்து வருவது மட்டும் நின்றிருக்கிறது.

வரவு செலவு மடப்பள்ளிச் சுவரில் ஒட்டப்பட்டுள்ளது. மார்கழி மழை முடிந்ததும் கிழக்குத் தூண்களை மறுபடி இடித்து இறுக்க வேண்டும். அதற்கு ஒரு காலைப்பொழுது போதும், இம்முறை நிலத்தைப் பார்த்துவிட்டே சொல்கிறோம். இரவல் வந்த அலவாங்குகளில் ஒன்று இன்னும் மடப்பள்ளிக்குள் கிடக்கிறது. உரியவர் வந்து எடுத்துக்கொள்ளவும்.

திருப்பணிச் சபை