அடியைத் திருப்பிப் பார்

டிரெஸ்டன், மார்ச் 1992

அன்புள்ள மகளுக்கு,

பணம் வந்தது. கூட ஒரு வரி இல்லை. டிசம்பரிலிருந்து இப்படித்தான். வேலை அதிகம் போலிருக்கிறது. ஹாம்பர்க் ஏல நிறுவனத்தில் பீங்கான் பிரிவே என் மகள் கையில் என்று ரொட்டிக் கடைக்காரரிடம்கூடச் சொல்லிவைத்திருக்கிறேன். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை.

பழைய பாட்டுதான், கேட்டுக்கொள். எந்தக் கோப்பை வந்தாலும் அடியைத் திருப்பிப் பார். மைசன் பீங்கானின் குறுக்கு வாள் முத்திரையோடு நின்றுவிடாதே. யார் வீட்டு அலமாரியில் இருந்தது என்று கேள். இங்கிருந்து எழுபது, எண்பதுகளில் மேற்கே போன சரக்கு என்றால் இரண்டு முறை கேள். 'குடும்பச் சொத்து' என்பார்கள். எந்தக் குடும்பம்?

மேற்கு ஜெர்மன் மார்க் சம்பாதிக்க 1973-ல் நம் கிழக்கு ஜெர்மன் அரசு தொடங்கிய பழம்பொருள் நிறுவனம், பெர்லினுக்கு வடக்கே ம்யூலன்பெக் கிடங்கு எல்லாம் இப்போது ஊருக்கே தெரியும். மேலே இருந்த ஷால்க்-கொலோட்கோவ்ஸ்கி 1989 டிசம்பரில் மேற்கு பெர்லினுக்கு ஓடிவிட்டார். எல்லோரும் அவரையே திட்டுகிறார்கள். எனக்கும் அது வசதிதான்.

ஆனால் சரக்கு தானாகக் கிடங்குக்கு நடந்து போகவில்லை. வரி அதிகாரிகள் வருவார்கள். நீ சேகரிப்பவன் இல்லை, கணக்குக் காட்டாத வியாபாரி என்பார்கள். மதிப்பு ஏற ஏற வரியும் ஏறும். கட்ட முடியாவிட்டால் சாமானைத் தூக்கிவிடுவார்கள். மதிப்புப் போட மட்டும் பீங்கான் தெரிந்த ஒருவர் வேண்டும்.

மாடி அத்தை ரகசியப் போலீஸ் கோப்புகளைப் பார்க்க மனு கொடுத்திருக்கிறார். ஜனவரியிலிருந்து யாரும் கேட்கலாம். படிக்கட்டில் பார்த்தபோது சொன்னார். நல்லது என்றேன்.

குளிருக்குக் கம்பளிக் கோட்டை விடாதே. அடியைத் திருப்பிப் பார்.

மாமா வீட்டுப் பட்டியலை எழுதியது நான். மூன்று நாள். மாமா சமையலறையில் இருந்தார். எனக்குக் காப்பிகூடப் போட்டுக் கொடுத்தார். மேற்கத்திய ஏல விலையைப் போடச் சொன்னார்கள், போட்டேன். உன் படிப்பைக் கெடுத்துவிடுவார்கள் என்று பயந்ததாக அம்மாவிடம் சொன்னேன். அப்படி யாரும் மிரட்டவில்லை. 'உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்' என்று கூப்பிட்டார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. உனக்குக் கடிகாரம் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் அந்த மாமா.

ஒவ்வொன்றின் அடியிலும் சிறு தாள் ஒட்டி மையால் எண் போட்டேன். நாலை நான் எப்படி எழுதுவேன் என்று உனக்குத் தெரியும். டிசம்பரில் அப்படி ஏதாவது உன் கைக்கு வந்ததா?

வந்திருந்தால், அத்தையின் விலாசம் மாறவில்லை.

அப்பா