பிசின் விலை கேட்டுக் கோபித்துக்கொண்ட மாமாவுக்கு

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். "மரத்துப் பிசினுக்கு இந்த விலையா? ஏலக்காய்க்காரனே தேவலாம்" என்று போன வாரம் தொலைபேசியில் பொரிந்து தள்ளினீர்கள். கீழமாசி வீதிக் கடையில் இத்தனை காலமாக ரூமி மஸ்தகி என்ற அந்தப் பிசினைப் பொட்டலம் மடித்துக் கொடுத்துவரும் உங்களிடம் அது விளையும் ஊரைப் பற்றிச் சொல்லாமல் இருந்தால் தப்பு. அந்த ஊரைப் பார்த்துவிட்டு வந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். படித்த பிறகும் விலை அநியாயம் என்று பட்டால், வந்து சண்டை போடுங்கள்.

கிரேக்க நாட்டின் கியோஸ் தீவு. ஏஜியன் கடலின் கிழக்கோரத்தில் இருக்கிறது. எதிர்க்கரை துருக்கி, படகில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. தீவின் வடக்குப் பக்கம் மொட்டைப் பாறையும் மலையும். மஸ்தகி எல்லாம் தெற்கேதான். இதே இனத்துப் புதர் மத்தியதரைக்கடல் கரையெங்கும் முளைத்துக் கிடக்கிறது; ஆனாலும் விற்று வயிறு வளர்க்கும் அளவுக்குப் பிசின் தருவது கியோஸின் தென்பகுதி மட்டுமே. மண் காரணம், வறண்ட கோடை காரணம் என்பார்கள். தலைமுறை தலைமுறையாக நல்ல ஆண் மரத்தைப் பார்த்துப் பார்த்துக் கிளை ஒடித்து நட்டார்களே, அந்தக் கைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

நட்டவன் ஐந்தாறு வருடம் காத்திருக்க வேண்டும். அதன் பிறகும் மரம் ஆள் உயரத்தை அதிகம் தாண்டாது. கிளைகள் தரையை நோக்கிக் கவிந்திருக்கும். எனவே வேலை முழுவதும் குனிந்தும் மண்டியிட்டும்தான். கோடை தொடங்கியதும் மரத்தடியைச் சுரண்டிப் பெருக்கிச் சமன் செய்கிறார்கள். அதன் மேல் வெள்ளைச் சுண்ணாம்புப் பொடியைத் தூவுகிறார்கள். பிசின் மண்ணில் விழுந்து அழுக்காகக் கூடாதல்லவா? ஜூலையில் கீறல் ஆரம்பம். நான் பார்த்த அம்மாள் விரல் நீளமுள்ள கூரான இரும்புக் கருவியால் பட்டையில் குறுக்காகச் சின்னக் கீறல் போட்டார். ஆழமாகப் போனால் மரத்துக்குக் கேடு. கீறிய இடத்தில் பளிங்கு போல ஒரு துளி வெளிவந்து, கனத்து, மெல்ல இறங்கியது. அது இறுக இரண்டு வாரத்துக்கு மேல் ஆகுமாம். நடுவில் மழை கொட்டினால் போயிற்று.

சேகரிப்பதோடு முடிந்ததா என்றால் இல்லை. குளிர்காலம் வந்ததும் பெண்கள் கூடி உட்கார்ந்து, சலித்து, கழுவி, துளித்துளியாக எடுத்துக் கத்தி முனையால் தூசி நீக்குகிறார்கள். இத்தனைக்கும் ஒரு மரம் வருடம் முழுவதற்கும் தருவது பெரும்பாலும் 200 கிராமைத் தொடாது. இந்தச் சாகுபடி அறிவை 2014இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இப்போது சொல்லுங்கள், ஏலக்காய் தேவலாமா?

விலை உயர்ந்த பொருள் இருந்தால் காவலும் வருமே. 1346 முதல் 1566 வரை தீவு இத்தாலியின் ஜெனோவா நகரத்துக்காரர்கள் கையில் இருந்தது. மஸ்தகி வியாபாரம் முழுவதையும் கைக்குள் வைத்துக்கொண்டு, மஸ்தகிக் கிராமங்களைக் கோட்டையாகவே கட்டிவிட்டார்கள். மெஸ்தா கிராமத்தில் கடைசி வரிசை வீடுகளின் பின்சுவர்தான் ஊர் மதில். தெருவெல்லாம் சந்து, சந்துக்கு மேலே வளைவு. வந்தவன் வழி தவறித்தான் ஆக வேண்டும். பிறகு வந்த துருக்கிய ஒட்டோமான் ஆட்சியில் அரண்மனைக்கு மஸ்தகி போக வேண்டியிருந்ததால் இந்த ஊர்களுக்குத் தனிச் சலுகை. 1822இல் அந்த ஆட்சியின் படையால் தீவே படுகொலைக்கு ஆளானபோது தொடக்கத்தில் தப்பித்தவை இவைதான். துருக்கியத் தளபதியின் கப்பலைக் கிரேக்கர்கள் கொளுத்தியதும் பழிவாங்கல் இங்கேயும் வந்தது. பிசின் அதற்கு மேல் காப்பாற்றவில்லை.

பிர்கி என்ற கிராமத்தை அத்தை பார்த்தால் விடமாட்டார். கரிய மணல் கலந்த பூச்சின் மேல் வெள்ளையடித்து, அது காய்வதற்குள் சுரண்டிச் சுரண்டி வீட்டு முகப்பெல்லாம் கட்டமும் முக்கோணமுமாக வரைந்திருக்கிறார்கள். நம் வாசல் கோலம் சுவரேறியது போல இருக்கிறது. கோடை முடியும் சமயத்தில் அந்த முகப்புகளில் தக்காளியைச் சரம் சரமாகத் தொங்கவிட்டிருப்பார்கள், குளிர்காலச் செலவுக்கு.

சாப்பாட்டுக்கு வருகிறேன். ஈஸ்டர் ரொட்டியில் மஸ்தகி, ஐஸ்கிரீமில் மஸ்தகி, மதுவிலும் மஸ்தகி. எனக்குப் பிடித்தது 'நீர்மூழ்கி' என்று பெயர் வைத்திருக்கும் இனிப்பு: மஸ்தகி சேர்த்த வெள்ளைச் சர்க்கரைப் பாகை ஒரு கரண்டியில் உருட்டி எடுத்து, குளிர்ந்த தண்ணீர் தம்ளருக்குள் அமிழ்த்தித் தருவார்கள். கரண்டியை நக்கிக்கொண்டே அந்தத் தண்ணீரையும் குடிக்க வேண்டும். உங்கள் சர்க்கரை அளவுக்கு ஆகாது. அத்தைக்குத் தெரியாமல் ஒரு வாய் போதும். மாவைச் செடிக்குச்சியில் சுற்றி உருட்டிக் கையாலேயே செய்யும் மக்ரோனி இன்னொன்று. அதற்குத் தக்காளிச் சாறும் துருவிய பாலாடைக்கட்டியும் இருந்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம். கம்போஸ் பக்கத்துத் தோட்டங்களின் மாண்டரின் ஆரஞ்சை நறுமணத்துக்காகவே வாங்கலாம்.

ஈஸ்டர் இரவில் வ்ரொண்டாடோஸ் என்ற ஊரில் இரண்டு தேவாலயத்தார் ஒருவர் கோயில் மீது ஒருவர் வாணம் விடும் 'சண்டை' உலகப் புகழ் பெற்றது. நான் அதற்காகப் போகச் சொல்லமாட்டேன். பக்கத்து வீடுகளுக்குக் கம்பிவலை போர்த்த வேண்டியிருக்கிற திருவிழா எனக்கு ஆகாது. ஜூலை கடைசியில் போங்கள், விடியற்காலையில் தோட்டத்தில் நில்லுங்கள்.

கடைச் சரக்கைப் பற்றி ஒன்று: ஒரு துளியைப் பல்லில் வையுங்கள். முதலில் நொறுங்கிக் கசக்கும். பிறகு மென்மையாக ஒட்டி, வெள்ளையாகி, பைன் மரத்து வாசனை வரும். அப்படி ஆகாமல் பொடிப்பொடியாகவே கிடந்தால் சரக்கு வேறு. மொத்த வியாபாரியிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்