கண்ணாடித் தகடுகள்

அன்புள்ள தம்பி சரவணனுக்கு,

அப்பா எழுதுகிறேன். மழை இன்னும் வரவில்லை. சின்னவள் வந்துவிட்டுப் போனாள். இருட்டின பிறகு கடலோரம் போகாதே.

நீ அனுப்பிய கப்பல் படங்களைக் கடைப் பையனிடம் சொல்லிப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒரு வரி எழுதாமல் பதினோரு படம். சரி. அந்த மொஹீகன் கப்பலைத்தான் வெகுநேரம் பார்த்தேன். 1898-ல் இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் மனக்கிள்ஸ் பாறையில் மோதி 106 உயிர் போயிருக்கிறது. நாலு பாய்மரமும் ஒரு புகைபோக்கியும் மட்டும் தண்ணீருக்கு மேலே. அத்தனை படத்திலும் ஆள் இல்லாததாகவே ஏன் பொறுக்கினாய்?

எடுத்தவர் குடும்பத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். ஜான் கிப்சன், கார்ன்வால் பக்கத்துச் சில்லித் தீவுக்காரர். மகன்கள் அலெக்சாண்டரும் ஹெர்பர்ட்டும் கூடவே தொழிலுக்கு வந்துவிட்டார்கள். அப்போதெல்லாம் பிலிமுக்குப் பதில் கண்ணாடித் தகடு. ஆரம்ப நாள் ஈரத் தகட்டில் மருந்து காய்வதற்குள் எடுத்துக் கழுவியும் ஆகவேண்டும். பாறையில் கால் வழுக்கினால் அன்றைய பாடு சில்லுச் சில்லு. நாலு தலைமுறை இதையே செய்திருக்கிறார்கள். உன்னைக் குத்திக்காட்டவில்லை. சீமை ஆஸ்பத்திரியில் என் மகன் என்று இந்தத் தெருவில் சொல்லாத ஆள் பாக்கி இல்லை. ஆனாலும் ஒரு நாளாவது நம் ஸ்டுடியோ டார்க் ரூமில் என் பக்கத்தில் நின்றிருக்கலாம்.

2013-ல் அவர்கள் நெகட்டிவ் 1,360-க்கு மேல் ஏலத்துக்கு வந்தபோது கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகம் வாங்கிப் பத்திரப்படுத்தியிருக்கிறது. அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. நம் கடை நெகட்டிவ் வெள்ளத்தில் போயிற்று என்று உங்களிடம் சொன்னேன் அல்லவா? போகவில்லை. அம்மா தவறின வருஷம், நெகட்டிவில் இருக்கிற வெள்ளியைப் பிரித்தெடுக்கிறவனிடம் எடைக்குப் போட்டேன். நாலு மூட்டை. கல்யாணத்துக்கு முன்னால் அம்மா ஸ்டுடியோவுக்கு வந்து உட்கார்ந்தாளே, அந்தப் படமும் அதில்தான். கடன் கழுத்தை நெரித்தது. உன்னிடம் சொல்லியிருந்தால் நீயே அடைத்திருப்பாய். பிள்ளையிடம் சொல்லக் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொண்டேன், இத்தனை வருஷமாக.

வேளைக்குச் சாப்பிடு. இருட்டின பிறகு கடலோரம் வேண்டாம், கேட்டுக்கொள்.

பெரியம்மா நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள். மீனாவுக்குப் பிடிக்குமே. பழைய விலாசத்துக்கே ஒரே பார்சலாக அனுப்பலாமா, இரண்டாகக் கட்ட வேண்டுமா என்று மட்டும் எழுது.

அப்பா